மூலிகைத் தூபம் என்ற பெயரில் வரும் செயற்கைக் கஞ்சா: கடையில் வைத்தால் குற்றமா?

நாட்டு மருந்துக் கடை, திருநெல்வேலி டவுன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தந்தையார் காலத்திலிருந்து டவுன் ரத வீதிப் பகுதியில் நாட்டு மருந்துக் கடை நடத்தி வருகிறோம். சாம்பிராணி, குங்கிலியம், தசாங்கம், வெட்டிவேர் போன்றவற்றை வாங்க நெல்லையப்பர் கோயிலுக்கு வருவோரும் சுற்று வட்டார ஊர்க்காரர்களும் எங்களிடம் வருவது வழக்கம். அண்மையில் வெளிமாநில நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி என்று கூறிக்கொண்டு வந்த ஒருவர், பளபளப்பான சிறு பைகளில் அடைத்த உலர்ந்த தழைத்தூளைக் காட்டி, இது மூலிகைத் தூபம் என்றும், கல்லூரி மாணவர்கள் விரும்பி வாங்குவார்கள் என்றும், ஒரு பைக்கு எங்களுக்குக் கிடைக்கும் லாபம் ஒரு நாள் சாம்பிராணி விற்பனைக்குச் சமம் என்றும் சொன்னார். பையின் பின்புறத்தில் ‘மனிதர்கள் உட்கொள்வதற்கு அல்ல’ என்று அச்சிட்டிருந்தது. தூபத்துக்கு எதற்கு இந்த எச்சரிக்கை என்று கேட்டபோது, இதில் கஞ்சா துளியும் இல்லை, ஆய்வகச் சான்று இருக்கிறது, எனவே எந்தச் சட்டமும் தொடாது என்று பதில் வந்தது.

நான் சரக்கு எடுக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லியும் மாதிரிக்கு என்று இரண்டு பைகளை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகன், இது செயற்கைக் கஞ்சாவாக இருக்கலாம் என்று சொன்னதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. கஞ்சாவே இல்லாத ஒரு பொருள் எப்படிக் கஞ்சா ஆகும்? அது சட்டத்தில் எந்த இடத்தில் வருகிறது? என்னிடம் இருக்கும் இரண்டு பைகளை நான் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் என்னைப் போன்ற சிறு வணிகர்கள் பலருக்கும் பயன்படும்.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை

அண்ணாச்சி, சரக்கு எடுக்காமல் இருந்தது மிகவும் நல்ல முடிவு. அந்தப் பிரதிநிதி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. என்.டி.பி.எஸ். சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கஞ்சாவுக்குத் தரும் விளக்கம் முழுவதும் செடியைச் சார்ந்தது. செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி கஞ்சா. அதிலிருந்து பிரித்த பிசின் சரஸ். நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே ஆய்வகத்தில் உருவாக்கிய வேதிப்பொருளை வேறு ஏதோ ஒரு தழையில் தெளித்து விற்றால், கஞ்சாவுக்குரிய 20ஆம் பிரிவு அதற்குப் பொருந்தாது.

ஆனால் அதே சட்டத்தில் உளவெறியூட்டும் பொருட்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. பையில் இருக்கும் வேதிப்பொருள் அந்த அட்டவணையில் இருந்தால், வைத்திருப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் 22ஆம் பிரிவின் கீழ்க் குற்றங்கள். சிறிய அளவாக இருந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வணிக அளவாக இருந்தால் குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள் கடுங்காவல், அதனுடன் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். வணிக அளவு வழக்கில் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால், குற்றம் செய்யவில்லை என்று நம்பப் போதிய காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணை கிடைக்காது.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று அளவைக் கணக்கிடும் முறை. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு என்றும், 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு என்றும் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீரியம் மிக்க செயற்கைப் பொருட்களுக்கு அந்தக் கணக்குச் செல்லாது, எடுத்துக்காட்டாக எம்.டி.எம்.ஏ. என்ற பொருளுக்கு 10 கிராமே வணிக அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. அத்துடன், ஹீரா சிங் வழக்கில் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, கலவையாகக் கைப்பற்றப்படும் பொருளில் போதைப்பொருளின் எடையை மட்டும் பிரித்துப் பார்க்காமல், கலந்திருக்கும் சாதாரணப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பைத் தழையில் வேதிப்பொருள் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் தராசில் ஏறுவது முழுத் தழையின் எடை. நான்கு பெட்டிச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரர், தனக்கே தெரியாமல் வணிக அளவுக்குள் போய்விட முடியும்.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிப்பதும் எளிதல்ல. 35ஆம் பிரிவின்படி, குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. ஏனைய குற்ற வழக்குகளில் எங்களுக்குக் கிடைக்கும் சலுகை இங்கே இல்லை.

பேட்டை வாசகர்

ஐயா, ஒரு சந்தேகம். அந்த வேதிப்பொருள் அட்டவணையில் இல்லை என்றால் விற்கலாம் என்று ஆகிவிடாதா? கஞ்சாச் செடி வகையான ஹெம்ப்பின் விதை, எண்ணெய் என்று இணையத்தில் வெளிப்படையாக விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வழக்கறிஞர், பாளையங்கோட்டை

இரண்டும் வேறு வேறு. கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்புகளோடு அனுமதி தந்தது. இலையைக் கொண்டு செய்யும் ஆயுர்வேத மருந்துகளுக்கு உரிமம் பெறும் வழி தனியாக இருக்கிறது. அண்ணாச்சியின் மேசை மேல் இருக்கும் பைக்கு இந்த இரண்டு வழிகளில் எதுவும் கிடையாது.

அட்டவணையில் இல்லாத பொருளாக இருந்தால் 22ஆம் பிரிவு பொருந்தாது என்பது உண்மைதான். ஆயினும், உடலுக்குக் கேடு விளைவிக்கும் பொருள் என்று அறிந்து ஒருவருக்குக் கொடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டுகள் வரை தண்டனைக்குரியது. நச்சுப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாள்வதற்கு 286ஆம் பிரிவு இருக்கிறது. மேலும், என்.டி.பி.எஸ். சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி மத்திய அரசு அரசிதழ் அறிவிக்கை ஒன்றின் மூலம் எந்தப் பொருளையும் அட்டவணையில் சேர்க்க முடியும். அந்த நாளிலிருந்து உங்கள் அலமாரியில் இருக்கும் மிச்சச் சரக்கும் குற்றப் பொருளாகிவிடும்.

தடய அறிவியல் ஆய்வாளர் (ஓய்வு)

வேதியியல் பக்கத்தைச் சற்று விளக்கினால், சட்டம் ஏன் இப்படித் திணறுகிறது என்பது விளங்கும் என்று எண்ணுகிறேன். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள், மூளை அணுக்களில் அதைப் பற்றிக்கொள்ளும் சி.பி.1 என்ற ஏற்பியில் ஓரளவுக்கு மட்டுமே வேலை செய்யும். அந்த ஏற்பிகளைப் புரிந்துகொள்வதற்காக அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியரின் குழுவினர் 1990களில் நூற்றுக்கணக்கான சேர்மங்களை உருவாக்கினார்கள். அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய ஜே.டபிள்யூ.எச்.-018 அவற்றுள் ஒன்று. இத்தகைய சேர்மங்களில் பல, ஏற்பியை ஓரளவுக்கு அல்லாமல் முழு வேகத்தில் இயக்கக்கூடியவை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வெளியான செய்முறையை வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் தூபப் பொடியாக விற்ற பொருளில் இந்தச் சேர்மம் இருப்பதை 2008 டிசம்பரில் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே அந்நாடு தடை விதித்தது. சில வாரங்களுக்குள் அதே போன்ற பைகளில் ஜே.டபிள்யூ.எச்.-073 வந்துவிட்டது. முதல் மூலக்கூறின் வால்பகுதியில் ஐந்து கார்பன் அணுக்கள், இரண்டாவதில் நான்கு. வேறுபாடு அவ்வளவுதான். பின்னர், முதல் மூலக்கூறின் வால் நுனியில் ஒரு ஃபுளூரின் அணுவைச் சேர்த்து ஏ.எம்.-2201 வந்தது. 2015இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் ஜே.டபிள்யூ.எச்.-018ஐயும் ஏ.எம்.-2201ஐயும் உளவெறியூட்டும் பொருட்கள் பற்றிய 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்தபோது, சந்தை அவற்றைக் கடந்து வேறு மூலக்கூறுகளுக்குப் போய்விட்டிருந்தது.

பிரதிநிதி காட்டிய ‘ஆய்வகச் சான்று’ பற்றி ஒரு சொல். கஞ்சாவைச் சோதிக்கும் வழக்கமான நிறச்சோதனை இந்தச் சேர்மங்களைக் காட்டாது. ஆகையால் ‘கஞ்சா இல்லை’ என்ற சான்று பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே இருப்பது என்ன என்று அறிய, கலவையைப் பிரித்து மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ். போன்ற கருவியும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சேர்மத்தின் தூய மாதிரியும் வேண்டும். புதிய மூலக்கூறு வரும்போதெல்லாம் புதிய ஒப்பீட்டு மாதிரி தேவைப்படுவதே ஆய்வகங்களின் பெரும் சிரமம்.

பொடியை அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்துத் தழை மேல் தெளித்து உலர்த்துவதுதான் இவர்கள் செய்யும் முறை. மிக்சரில் மிளகாய்த்தூள் ஒரு பக்கம் அப்பிக்கொண்டு மறுபக்கம் ஒட்டாமல் போவதைப் போலவே இங்கும் மருந்து சீராகப் பரவுவதில்லை. ஒரே பையில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது; அடுத்த சிட்டிகை ஆளை வீழ்த்திவிடும்.

செவிலியர், ஐகிரவுண்டு பகுதி

அண்ணாச்சி, மனநலப் பிரிவில் பணியாற்றுபவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். இதைப் புகைத்தவர்களுக்குக் கடும் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு, எவரையோ கண்டு அஞ்சுவது போன்ற மனக்குழப்பம் ஆகியவை வரலாம். சிலருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாவதும் பதிவாகியிருக்கிறது. அபின் வகைப் பொருட்களுக்கு நலாக்சோன் இருப்பதைப் போல் இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளை அடக்கி, உடலைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், இத்தகைய பொருளில் எலி விஷமான புரோடிஃபகூம் கலந்திருந்ததால், புகைத்தவர்களுக்கு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசிந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர்.

பெற்றோர்களுக்கு ஒன்று. சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் ‘கஞ்சா இல்லை’ என்று வந்தவுடன் பிள்ளை எதையும் தொடவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பட்டை டி.எச்.சி.யின் எச்சத்தை மட்டுமே தேடுகிறது. பையின் மிச்சம் ஏதும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி மருத்துவமனைக்கு வராமல் வீட்டுக்குள் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்; மனம் மிகவும் வேதனைப்படுகிறது. அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கும் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்க என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண்ணை அழைக்கலாம்.

சட்டக் கல்லூரி மாணவி

ஒவ்வொரு மூலக்கூறாகப் பெயரிட்டுத் தடைசெய்வதை விட்டுவிட்டு, சேர்மக் குடும்பம் முழுவதையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணுகிறேன். சீனா 2021 ஜூலை 1 முதல் செயற்கைக் கன்னாபினாய்டுகள் எனப்படும் இந்தச் செயற்கைக் கஞ்சாச் சேர்மங்கள் அனைத்தையும் ஒரு வகையாகவே கட்டுப்படுத்தியது. பிரிட்டன் 2016இல், மனநிலையை மாற்றும் எந்தப் பொருளையும் விற்பதே குற்றம் என்று தனிச் சட்டம் இயற்றி, தேநீர், மது, புகையிலை, மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்குத் தந்தது. நியூசிலாந்து 2013இல் எதிர்த்திசையில் போய், தீங்கு குறைவு என்று தயாரிப்பாளர் மெய்ப்பித்தால் விற்கலாம் என்றது. அதுவரை தற்காலிக அனுமதியோடு விற்ற பொருட்களால் மக்கள் பாதிக்கப்பட்டதால் 2014 மே மாதத்தில் அந்த அனுமதிகள் அனைத்தையும் ரத்து செய்தது.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை

சீன முறையோடு எனக்கு உடன்பாடு உண்டு அம்மா; பிரிட்டன் முறையோடு இல்லை. 10 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனையும் கடினமான பிணை விதியும் உள்ள நம் சட்டத்தில், ‘மனநிலையை மாற்றும் எதுவும்’ என்ற அளவுக்கு வரையறை விரிந்தால், அண்ணாச்சி விற்கும் ஜாதிக்காய்க்கே விளக்கம் கேட்கும் நிலை வரும். வேதி அமைப்பைச் சுட்டும் குடும்ப வரையறையும், ஆராய்ச்சிக்குத் தெளிவான விலக்கும், தடய ஆய்வகங்களுக்கு ஒப்பீட்டு மாதிரிகளும் சேர்ந்து வந்தால்தான் பலன் கிடைக்கும்.

நாட்டு மருந்துக் கடை, திருநெல்வேலி டவுன்

அனைவருக்கும் நன்றி. பைகளைத் தாமிரபரணியில் எறிந்துவிடலாமா, எரித்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் என் மீதே வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

வழக்கறிஞர், பாளையங்கோட்டை

எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகையை நீங்களே சுவாசிக்க நேரும், ஆதாரத்தை அழித்தீர்கள் என்ற பேச்சுக்கும் இடம் தரும். பைகளைத் திறக்காமல் காகித உறையில் இட்டு ஒட்டி, நடந்ததை நாள், நேரத்துடன் எழுதி, உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு நாளையே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். பைகளை நீங்கள் வாங்கவில்லை, மறுத்த பிறகும் விட்டுச் சென்றார் என்பது மனுவில் தெளிவாக இருக்கட்டும். மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். கடையில் கேமரா இருந்தால் அந்த நாளின் பதிவு அழிந்துபோவதற்கு முன் தனியாக எடுத்து வையுங்கள். அவர் தந்த முகவரி அட்டையும் தொலைபேசி அழைப்பு விவரமும் மனுவோடு சேரட்டும். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 என்ற கட்டணமில்லா எண்ணுக்கும் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதே ஆள் அடுத்த வீதிக் கடைக்கும் போயிருப்பார்.