எழுத்துகள் தெரிந்தும் சொற்களை வாசிக்கத் திணறும் குழந்தை

கேள்வி:
அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் பிழையின்றிச் சொல்கிறாள். ஆனால் ‘கொக்கு’, ‘தேனீ’ போன்ற சொற்களைக் கண்டதும் தடுமாறுகிறாள். வீட்டில் நாங்கள் எவ்வாறு உதவலாம்?

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
வணக்கம் அம்மா. இது பெரும்பாலும் கொம்பினால் வரும் சிக்கல். ‘கொ’ என்பதில் ககர ஒலியே முதலில் எழுகிறது என்றாலும், கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. அதன் பின்னர் ககரம், இறுதியில் கால். ஆகவே 247 எழுத்துகளையும் ஒப்பிக்கச் செய்வதைவிட, ‘கல்–கால்’, ‘பல்–பால்’ என ஒரே ஒரு குறியால் வேறுபடும் சொற்களை இணையாக வாசிக்கச் செய்து, அது பழகிய பிறகு ‘செடி’, ‘தேள்’ ஆகியவற்றுக்கும், கடைசியாகக் ‘கொடி’, ‘கோழி’ ஆகியவற்றுக்கும் செல்லுங்கள். தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தே கற்பிக்கிறோம். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டறிவது நல்லது.

ஒரு தந்தை:
பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியான தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று வாசித்துப் பாருங்கள்.

தாத்தா ஒருவர்:
எழுத்துப் பயிற்சிக்கு இரட்டைக்கோட்டு நோட்டு மட்டும் போதாது. மளிகைப் பட்டியலை அவளையே எழுதச் சொல்லுங்கள். ‘பருப்பு’ என்பதற்குப் ‘பறுப்பு’ என்று எழுதினாலும் உடனே கோடிட்டு அடிக்காமல், பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதோடு அவளே ஒப்பிட்டுத் திருத்தட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கொம்பை இதுவரை நான் தனியாகச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. நாளை வகுப்பாசிரியரைச் சந்திக்கிறேன்.