மறு: ஸ்த்யோப்புக்குத் தமிழில் என்ன?

வணக்கம். ஸ்த்யோப் என்ற ரஷ்யச் சொல்லுக்கு நான் தேடும் தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். (ஒன்றை ஆதரிப்பதுபோலவே மிகையாகச் செய்து, அது ஆதரவா கேலியா என்றே தெரியாமல் விட்டுவிடும் சோவியத் காலத்துப் பாணிதான் ஸ்த்யோப்.)

> பகடி என்றாலே போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. பகடி செய்கிறவர் பகடி செய்கிறார் என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும், எங்காவது ஒரு கண்சிமிட்டல் இருக்கும். ஸ்த்யோப்பில் அந்தக் கண்சிமிட்டல்தான் கிடையாது.

நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வரும் ஆவியா குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். (பேய்க்கதையா என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். சோவியத்தில் அரசு ஒப்புதலோடு இயங்கிய மெல்லிசைக் குழுக்களுக்கு 'குரல்-கருவி இசைக்குழு' என்று பெயர், சுருக்கம் வியா. அதற்கு முன்னால், 'எதிர்' என்று பொருள்படும் 'ஆன்டி'யின் முதலெழுத்தைப் போட்டால் ஆவியா.) எண்பதுகளின் நடுவில் லெனின்கிராதில் தொடங்கிய குழு. மேடையில் தொழிலாளர் உடுப்பில் ஒரு கூட்டம் அணிவகுத்து வரும், முழக்கம் போடும், 'ஊரா' (நம் 'ஹுர்ரே' மாதிரி) என்று கத்தும், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டும். முன்னால் நின்று ஆடியவர் அந்தோன் அதாசின்ஸ்கி, பொலூனினின் கோமாளி நாடகக் குழுவிலிருந்து வந்தவர். இருபதுகளின் புரட்சிக் காலத்து உற்சாகத்தை ஒரு இம்மி குறைக்காமல், இன்னும் கொஞ்சம் கூட்டியே செய்தார்கள். பார்த்தவர்களில் சிலர் 'ஆகா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு பற்றா' என்று உருகினார்கள், சிலர் ஆட்சியையே கிழித்துவிட்டார்கள் என்று சிரித்தார்கள். இதில் யார் ஏமாந்தவர்? அந்தக் குழுவின் மேலாளராக இருந்து பின்னால் மானிடவியலாளரான அலெக்ஸேய் யூர்ச்சாக், ஆதரவா கேலியா என்று பிரிக்க முடியாதபடி பொருளோடு ஒன்றிவிடுவதுதான் ஸ்த்யோப்பின் அடையாளம் என்கிறார். ராக் குழுக்கள் மேடையேறிய அந்த ஊர் ராக் கிளப்பில் பாட்டு வரிகளை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. கட்சியின் முழக்கத்தையே எழுதிக் கொடுத்தால் எந்த வரியை அடிப்பது?

> தொல்காப்பியரின் 'பழிகரப்பு' இருக்கிறதே? இல்லாவிட்டால் வஞ்சப்புகழ்ச்சி.

இரண்டுமே நல்ல சொற்கள், நானும் அங்கேதான் முதலில் போனேன். ஆனால் 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளில் அடுத்த அடியிலேயே ('மேவன செய்தொழுக லான்', அதாவது மனம்போனபடி நடப்பதால்) குட்டு உடைந்துவிடுகிறது. பழிகரப்பிலும் உள்ளே பழி இருப்பது உறுதி, மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்த்யோப்பில் உள்ளே பழி இருக்கிறதா என்பதே கேள்வி.

இசைக்கலைஞர் செர்கேய் குர்யோகினைப் பாருங்கள். 1991 மே மாதம் லெனின்கிராத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, காளான் தின்று தின்று லெனினே காளானாகிவிட்டார் என்று படம், வரைபடம் எல்லாம் காட்டி ஆய்வாளர் தோரணையில் நிரூபித்தவர். அதே ஆள் 1995இல் தன் பாப்-மெகானிகா இசை நிகழ்ச்சியைத் தீவிர தேசியவாதியான அலெக்சாந்தர் தூகினின் தேர்தல் பிரசாரத்துக்காக நடத்தினார், தூகின் இருந்த தேசிய போல்ஷெவிக் கட்சியிலும் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், வயது 42. அது விளையாட்டா நிஜமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. 'பகடி' என்று போட்டால் அவர் சார்பாக நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

முதலில் 'ஒத்தூது பகடி' என்று வைத்திருந்தேன் (வினைத்தொகை, ப் மிகாது). அதிலும் பகடி வந்து உட்கார்ந்துகொண்டதால் விட்டுவிட்டேன். இப்போது என் பரிந்துரை: மிகையொத்து.

நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் திடீரென்று மூச்சைக் கூட்டி, நாகசுரமே கேட்காத அளவுக்கு ஊதினால்? சுருதி தப்பவில்லை, குறை சொல்ல இடமில்லை, ஆனால் கச்சேரி போச்சு. வினையாகவும் வரும்: 'ஆவியா குழுவினர் மிகையொத்து ஊதினார்கள்'. 'ஒத்துப்போதல்' என்ற பொருளும் கூடவே ஒலிப்பது லாபம்.

> ஸ்த்யோப் என்றே எழுதிவிட்டால் என்ன?

எழுதலாம். ஆனால் 'ஸ்த்யோப்பியவர்' என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மிகையொத்துக்கு மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள். குர்யோகின் பத்தியில் அது பொருந்தாது என்று யாராவது காட்டினால் அங்கே நான் சொல்லை மாற்றத் தயார், ஆவியா பத்தியில் மாற்ற மாட்டேன்.