ஹாட்ரிக்: சராசரி 57% பொசெஷன், ஆனா 5-ஆம் இடம். சீசனை எங்கிருந்து அலசுறது?

தெற்குவாசல்_எஃப்சி:

ஹாட்ரிக்ல (ஆன்லைன் ஃபுட்பால் மேனேஜர் கேம்) என் டீமோட சீசன் முடிஞ்சுது. 14 ஆட்டத்துல 6 வெற்றி, 1 டிரா, 7 தோல்வி, மொத்தம் 19 புள்ளி. 27 கோல் போட்டு 25 வாங்கியிருக்கோம். எட்டு டீம் இருக்கிற லீக்ல 5-ஆம் இடம். குவாலிஃபையர் ஆடி ஜெயிச்சதாலதான் அடுத்த சீசனும் இதே டிவிஷன்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். பெரும்பாலான ஆட்டத்துல பந்து எங்ககிட்டதான் இருந்துச்சு. முதல் ஏழு சுற்றுல சராசரி 61% பொசெஷன், 15 புள்ளி. அடுத்த ஏழுல 53%, வெறும் 4 புள்ளி.

மத்த விவரம்:

ஃபார்மேஷன் எல்லா ஆட்டத்துலயும் 3-5-2. ஒரு சென்டர் டிஃபெண்டர், ரெண்டு விங்பேக், மூணு இன்னர் மிட்ஃபீல்டர், ரெண்டு விங்கர், ரெண்டு ஃபார்வர்டு. டாக்டிக் நார்மல்.
சராசரி ரேட்டிங்: மிட்ஃபீல்டு 8, நடு டிஃபென்ஸ் 5, ரெண்டு பக்க டிஃபென்ஸும் 7, நடு அட்டாக் 6, வலது 5, இடது 4.5.
'மேட்ச் ஆஃப் த சீசன்' (முழு வீச்சுல ஆடச் சொல்ற தேர்வு) 1, 3, 5-ஆம் சுற்றுகள்ல. 'ப்ளே இட் கூல்' (அடக்கி ஆடச் சொல்ற தேர்வு) ஒரு தடவையும் போடலை.
டீம் ஸ்பிரிட் கடைசி வாரம் 'இரிட்டேட்டட்'.
டிரெய்னிங் பிளேமேக்கிங் (மிட்ஃபீல்டர்களுக்கான திறன்). ஸ்டேடியம் 20,000 இருக்கை. பேங்க் பேலன்ஸ் வாராவாரம் குறையுது.

ஒரு நல்ல இன்னர் மிட்ஃபீல்டர் வாங்குற அளவுக்குக் காசு இருக்கு, அதுக்கு மேல இல்லை. அதைச் செஞ்சு மிட்ஃபீல்டை 9-க்கு ஏத்துறது சரியா?


நடுக்கோடு:

வேண்டாங்க. உங்க கோளாறு மிட்ஃபீல்டுல இல்லை. நீங்க குடுத்த எண்களே அதைச் சொல்லுது.

ஒரு ஆட்டத்துல வழக்கமான சான்ஸ் 15 ஒதுக்கீடு. 5 பொது, 5 உங்களுக்கு மட்டும், 5 எதிராளிக்கு மட்டும். உங்களுக்கான சான்ஸை நீங்க ஜெயிக்கலைன்னா அது எதிராளிக்குப் போகாது, அப்படியே வீணாகிடும். யாருக்குக் கிடைக்கும்ங்கிறதை மிட்ஃபீல்டு விகிதம்தான் முடிவு பண்ணுது, அதுவும் நேர் விகிதத்துல இல்லை. பொசெஷன் விகிதத்தை மும்மடி பண்ணிப் பாக்குற தோராயம் நல்லாவே பொருந்தும். 53%-க்கு சான்ஸ் ஜெயிக்கிற வாய்ப்பு 59% பக்கம். 57%-க்கு 70%. 61%-க்கு 79%. 70% பொசெஷன் வந்துட்டா 93%, அதுக்கு மேல மிட்ஃபீல்டுல போடுற காசு கிட்டத்தட்ட வீண்.

இதை உங்க சீசன்ல போடுங்க. முதல் பாதியில ஆட்டத்துக்கு சுமார் 8 சான்ஸ், ரெண்டாம் பாதியில 6. ஆக 14 ஆட்டத்துல ஏறக்குறைய 98 சான்ஸ். அதுல 27 கோல், அதாவது 28% கூட இல்லை. எதிராளிகளுக்குக் கிடைச்சது 42-தான். அவங்க போட்டது 25, கிட்டத்தட்ட 60%. ஸ்பெஷல் ஈவென்ட் கோலும் (வழக்கமான சான்ஸுக்கு வெளிய வர்றது) இதுக்குள்ளதான் இருக்கு, அதைக் கழிச்சா உங்க எண் இன்னும் கீழ போகும்.

ஏன்னு பாக்க, சான்ஸ் எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கணும். நார்மல் டாக்டிக்ல 35% நடுவுல, ரெண்டு விங்லயும் 25% வீதம், மீதி 15% செட் பீஸ் (ஃப்ரீ கிக், பெனால்ட்டி). உங்க இடது அட்டாக் மோதுறது எதிராளியோட வலது டிஃபென்ஸோட. அட்டாக்கும் டிஃபென்ஸும் சமமா இருந்தா கோல் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. 4.5-ஐ வெச்சு 7-ல மோதுனா கால்வாசி சான்ஸ் அங்கேயே முடிஞ்சிடும். அதே மாதிரி எதிராளியோட 35% சான்ஸ் நேரா வந்து விழுறது உங்க 5 ரேட்டிங் நடு டிஃபென்ஸ்ல.

என் யோசனை 4-4-2. ஒரே இடத்துல கூட்டம் கூடினா ஆளுக்கு ஆள் பங்களிப்பு குறையும். ரெண்டு இன்னர் மிட்ஃபீல்டர்னா ஆளுக்கு 0.935, மூணு பேர்னா 0.825. கூட்டிப் பாத்தா 1.87-லிருந்து 2.475. அப்போ மூணாவது ஆள் குடுக்கிறது 0.605 ஆள் அளவுதான். அவருக்குப் பதிலா ரெண்டாவது சென்டர் டிஃபெண்டர் போட்டா (ஆளுக்கு 0.964) 0.928 ஆள் அளவு கூடுது. நடு டிஃபென்ஸ் ஓட்டை அதோட அடைபடும்.

மாத்துறதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட்லியில ஆடிப் பழக்க வேண்டியதில்லை. 4-4-2-க்கு மட்டும் ஃபார்மேஷன் அனுபவம் எப்பவும் நல்ல நிலையிலதான் இருக்கும், ஆட்டத்துக்கு நடுவுல குழப்பம் வந்து ரேட்டிங் இறங்கும்ங்கிற பயம் இல்லை.


மழைநாள்_கீப்பர்:

சான்ஸ் கணக்குக்கு மேல ஒண்ணு. 61% எப்படி 53% ஆச்சுன்னு யாரும் கேக்கலையே. சீசனோட பெரிய சேதமே அதுதான்.

ஹாட்ரிக் அட்டவணை கண்ணாடி மாதிரி திரும்பும். 7-ஆம் சுற்று எதிராளிதான் 8-ஆம் சுற்றுலயும், 1-ஆம் சுற்று எதிராளி 14-ல. ரெண்டு பாதியிலயும் அதே ஏழு டீம், இடம் மட்டும் மாறும். அதனால 'ரெண்டாம் பாதியில கஷ்டமான டீம்கள்'ங்கிற பேச்சுக்கு இடமில்லை. சொந்த மைதானத்துக்கு மிட்ஃபீல்டுல சுமார் 20% கூடும். முதல் பாதியில 4 ஹோம், அடுத்ததுல 3 இருந்திருந்தாலும் இவ்வளவு பெரிய சரிவு வராது.

61-க்கு 39 விகிதம் 1.56, 53-க்கு 47 விகிதம் 1.13. எதிராளிகள் மாறலைன்னா உங்க மிட்ஃபீல்டு கால் பங்குக்கும் மேல விழுந்திருக்கு. ஆளுங்க அதே ஆளுங்க, திறன் குறையலை. மீதி இருக்கிறது டீம் ஸ்பிரிட். அது வேலை செய்யுறது மிட்ஃபீல்டுல மட்டும்தான். அட்டாக்கைத் தொடுறது கான்ஃபிடன்ஸ்.

எம்ஓடிஎஸ் (மேட்ச் ஆஃப் த சீசன்) போட்டா அந்த ஆட்டத்துக்கு மிட்ஃபீல்டு சுமார் 11% கூடும், ஆனா ஸ்பிரிட் பாதியாகும். 5-ல ஆரம்பிச்சா 2.5. தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடு நிலைக்குத் திரும்பும், ஆனா முழுசாத் தேறுறதுக்கு முன்னாடியே 3-ஆம் சுற்றுல மறுபடி பாதி, 5-ல மறுபடி பாதி. முதல் பாதியோட 61%-லயும் மூணு ஆட்டத்துக்கு அந்த 11% கலந்திருக்கு. கடனுக்கு வாங்குன பொசெஷன் அது.

பிஐசி (ப்ளே இட் கூல்) நேர் எதிர். அந்த ஆட்டத்துல மிட்ஃபீல்டு சுமார் 16% குறையும், ஸ்பிரிட் மூணுல ஒரு பங்கு ஏறும். அடுத்த சீசனுக்கு இப்படிப் பண்ணுங்க:

முதல்ல ஏழு எதிராளியையும் மூணா பிரிங்க. 16% போனாலும் ஜெயிக்கக்கூடியது (ஆள் இல்லாம கம்ப்யூட்டரே நடத்துற பாட் டீம், கடைசி இடத்து டீம்), எப்படி ஆடினாலும் தோக்குறது (முதல் இடத்து டீம், அவங்க மைதானத்துல), நடுவுல இருக்கிறது. முதல் ரெண்டு வகைக்கும் பிஐசி. கப்போட ஆரம்பச் சுற்றுல லேசான எதிராளி வந்தா அங்கேயும் பிஐசி. ஃப்ரெண்ட்லியில இந்தத் தேர்வே கிடையாது.

எம்ஓடிஎஸ் சீசனுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. போடுறது 9-ஆம் சுற்றுக்கு அப்புறம், புள்ளிப் பட்டியல்ல உங்களுக்கு ஒட்டினாப்ல இருக்கிற டீமோட மோதும்போது. 14-ஆம் சுற்றுல போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. 5 அல்லது 6-ஆம் இடத்துல முடிஞ்சா அடுத்த வாரமே குவாலிஃபையர், பாதி ஸ்பிரிட்டோட அதுக்குப் போவீங்க.

ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட் இல்லைன்னா ஒருத்தரைச் சேருங்க. கோச்சோட லீடர்ஷிப்பும் ஸ்பிரிட்டைப் பாதிக்கும். கோச் மாத்துற யோசனை இருந்தா அதையும் கணக்குல வையுங்க.


தெற்குவாசல்_எஃப்சி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 98 சான்ஸ், 27 கோல்னு பாத்ததும் விஷயம் தெளிவாயிடுச்சு. நடுக்கோடு அண்ணே, ஒரு சந்தேகம். 4-4-2-க்குப் போனா பிளேமேக்கிங் டிரெய்னிங் இடம் குறையாதா? 17-லிருந்து 19 வயசுக்குள்ள ஆறு பசங்களை வளர்த்துட்டிருக்கேன்.


பயிற்சிக்கூடம்:

குறையும். பிளேமேக்கிங் முழுசாக் கிடைக்கிறது இன்னர் மிட்ஃபீல்டருக்கு மட்டும், விங்கருக்குப் பாதி. வாரத்துக்கு ரெண்டு ஆட்டம், ஒவ்வொண்ணுலயும் மூணு பேர்னா ஆறு முழு இடம், உங்க ஆறு பசங்களுக்குக் கச்சிதம். லீக்ல ரெண்டு பேரா குறைச்சா ஐந்து இடம். ஒரு பையன் வாராவாரம் விங்கர் இடத்துல பாதிப் பயிற்சியோட நிப்பான். கப்ல வெளியேறி, ஃப்ரெண்ட்லி புக் பண்ணவும் மறந்தா அந்த வாரம் மூணு இடம் அப்படியே போச்சு. 90 நிமிஷம் முழுசா அந்த இடத்துல ஆடணும்ங்கிறதையும் பாருங்க. 60-ஆவது நிமிஷத்துல மாத்தினா பயிற்சியும் அந்த அளவுக்குத்தான்.

அதை விடுங்க, 4-4-2 கணக்கே எனக்கு ஒத்து வரலை. நடுக்கோடு சொன்ன 0.605-க்கு 0.928 சரிதான், ஆனா அதை சான்ஸ் கணக்குக்குள்ள கொண்டுவந்து பாக்கணும். விங்கர், டிஃபெண்டர் பங்கும் சேர்ந்திருக்கிறதால மிட்ஃபீல்டு மொத்தமா ஒரு 15% விழும்னு வெச்சுக்குவோம். 57% பொசெஷன் 53% ஆகும். உங்க சான்ஸ் ஆட்டத்துக்கு 7-லிருந்து 5.9. எதிராளிக்கு 3-லிருந்து 4.1. புது சென்டர் டிஃபெண்டரால அவங்க கோல் விகிதம் 60%-லிருந்து 45%-க்கு இறங்கினாலும் 4.1-ல 45% அப்படின்னா 1.85 கோல். முன்னாடி 3-ல 60%, அதாவது 1.8. டிஃபென்ஸ்ல ஒண்ணும் மிச்சமாகலை. அட்டாக்ல 1.9 கோல் 1.6 ஆகுது. நஷ்டம்தான்.

3-5-2-வையே வெச்சுக்கிட்டு அந்த ஒத்தை சென்டர் டிஃபெண்டரை மட்டும் மாத்துங்க. மிட்ஃபீல்டு அசையாது, 3 சான்ஸ்ல 45%, ஆட்டத்துக்கு 1.35. சீசனுக்கு 25 கோல் வாங்குறது 19 ஆகும். பயிற்சி இடமும் பத்திரம். இன்னர் மிட்ஃபீல்டருக்குன்னு வெச்ச காசு இதுக்குப் போகட்டும்.

வாங்கும்போது 28, 29 வயசுல தேடுங்க. இனிமே வளர்க்க முடியாதுன்னு விலை இறங்கியிருக்கும், உங்களுக்கு வேணுங்கிறது டிஃபெண்டிங் திறன் மட்டும்தான். அதே திறன், அதே வயசு ஆட்டக்காரர்கள் சமீபத்துல எவ்வளவுக்குப் போனாங்கன்னு பாத்து உச்ச விலையை முன்கூட்டியே முடிவு பண்ணிக்கோங்க. கடைசி 3 நிமிஷத்துல யாராவது ஏலம் கேட்டா நேரம் நீளும், அந்தப் பரபரப்புலதான் ஆளுங்க அதிகமாக் குடுத்துடுறாங்க. ஃபார்மையும் கவனிங்க. டிஃபெண்டிங் 11, ஃபார்ம் 4 இருக்கிற ஆள், டிஃபெண்டிங் 10, ஃபார்ம் 7 இருக்கிறவரைவிட உடனடிப் பயன்ல பின்னாடிதான்.

இடது அட்டாக்குக்குச் செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. ஒரு ஃபார்வர்டுக்கு 'இடது விங் நோக்கி' உத்தரவு குடுத்துப் பாருங்க, நடு அட்டாக் கொஞ்சம் இறங்கி இடது ஏறும். இல்லைன்னா இன்னர் மிட்ஃபீல்டர்ல பாஸிங் நல்லா இருக்கிறவருக்கு 'அஃபென்சிவ்' போட்டு நடு அட்டாக்கை ஏத்தலாம். எது மேல்னு ஊகிக்க வேண்டாம், ஹெச்ஓ (ஹாட்ரிக் ஆர்கனைசர்) மென்பொருள்ல போன சீசன் ஆட்டங்களை இறக்கி, ஏழு எதிராளியோட டிஃபென்ஸ் ரேட்டிங்கையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு லைன்அப்பையும் ஓட்டிப் பாருங்க.


நடுக்கோடு:

பயிற்சிக்கூடம் சொல்றது சரி. மிட்ஃபீல்டு சரிவை நான் சான்ஸ் எண்ணிக்கைக்குள்ள கொண்டுவரலை. இந்த ஆட்டக்காரர்களுக்கு 3-5-2-தான் பொருந்தும். அனுபவமும் ஏற்கெனவே ஏறியிருக்கு.


கூரைசீட்:

பேலன்ஸ் விஷயத்தையும் பேசிடலாம், அதை விட்டுட்டு டிஃபெண்டர் வாங்கினா நடு சீசன்ல விக்க வேண்டிவரும்.

20,000 இருக்கையை வழக்கமான பிரிப்புல போடுறேன்: 12,000 டெரஸ் (நின்னு பாக்குற இடம்), 4,800 சாதா சீட், 2,800 கூரை சீட், 400 விஐபி. டிக்கெட் 7, 10, 19, 35 யூரோ. நிரம்பினா 84,000 + 48,000 + 53,200 + 14,000, மொத்தம் 1,99,200 யூரோ. இதைப் பாத்து சம்பளத்தை ஏத்திடுறாங்க. லீக் ஹோம் ஆட்டம் சீசனுக்கு 7-தான், ஆனா சம்பளம் 16 வாரமும் போகும். 13,94,400-ஐ 16-ஆல வகுத்தா வாரத்துக்கு 87,150. பராமரிப்பு வாரம் 13,160 போக 74,000 கிட்ட. இதோட ஸ்பான்சர் பணத்தைக் கூட்டி, சம்பளமும் ஊழியர் செலவும் அதுக்குள்ள அடங்குதான்னு பாருங்க. அதுவும் எல்லா ஆட்டமும் நிரம்பினாத்தான் இந்தக் கணக்கு. தொடர்ந்து தோத்தா ரசிகர் மனநிலை இறங்கி கூட்டமும் குறையும், ஸ்பான்சரும் குறைவாங்க. உங்க ரெண்டாம் பாதிக்கு அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு சம்பளம் 20% கூட. பெஞ்சுல உக்காந்திருக்கிற வெளிநாட்டவர் எத்தனை பேர்னு முதல்ல எண்ணுங்க, அவங்கதான் முதல்ல போகணும். சென்டர் டிஃபெண்டரையும் உள்நாட்டுல தேடுங்க, கேக்குற விலை கொஞ்சம் கூட இருந்தாலும் ரெண்டு சீசன் சம்பளத்துல ஈடாகிடும். நீங்க ரொம்ப நாள் வெச்சிருக்கப் போற ஆளுன்னா லாயல்டியும் (கிளப் மேல விசுவாசம்) சேரும், மூணு சீசன்ல எல்லாத் திறனுக்கும் ஒரு முழு நிலை வரைக்கும் ஏறும்.

ஸ்டேடியத்தை இப்போ பெருசாக்காதீங்க. போன சீசன் ஹோம் ஆட்டங்கள்ல எந்த வகை சீட் எத்தனை ஆட்டம் முழுசா வித்துச்சுன்னு எழுதிப் பாருங்க, கூடவே அன்னைக்கு வானிலையும். மழை நாள்ல கூட்டம் குறையும், அதை வெச்சு மட்டும் முடிவெடுக்க முடியாது. வெயில் நாள்லயும் டெரஸ் காலியா இருந்திருந்தா, வருமானம் இல்லாத இருக்கைக்கு வாரா வாரம் பராமரிப்பு கட்டிட்டிருக்கீங்க.