மகனின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி: மாசசூசெட்ஸ் பெற்றோர்கள் உதவுங்கள்

வணக்கம். என் மகனுக்கு 6 வயது, ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. ஸ்பெஷல் எஜுகேஷன் வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவனால் வந்து சொல்ல முடியாது. கொஞ்ச நாளாகச் சட்டைக் காலரைக் கடித்துக் கந்தலாக்கிக்கொண்டு வருகிறான், மனசு கேட்கவில்லை. நேரில் பார்க்கிறேன் என்றால், மற்றப் பிள்ளைகளின் தனியுரிமையைக் காரணம் சொல்லி 20 நிமிடம்தான் தருகிறார்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்க மத்திய ஐடிஇஏ (IDEA) சட்டத்தில் இதற்குப் பொதுவான உரிமை இல்லை, சரி. ஆனால் இங்கே 2008-ல் இயற்றிய மாநிலச் சட்டப்படி, பெற்றோரும் அவர்கள் அமர்த்தும் நிபுணரும் பிள்ளையின் முன்னேற்றத்தை மதிப்பிடப் போதுமான நேரம் பார்க்கலாம்.

அந்தச் சட்டத்தைக் காட்டி யாராவது கடிதம் கொடுத்திருக்கிறீர்களா? எப்படி எழுதினீர்கள், எவ்வளவு நேரம் கிடைத்தது? வெளி ஸ்பீச் தெரபிஸ்டைக் கூட்டிப்போனவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த ஐஇபி (IEP, மகனுக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்துக்கு முன்னால் பார்த்தாக வேண்டும்.