சிக்னல் முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை: லாட்ஜ் வைஃபைக்கு உதவி தேவை

அடிவாரத்தான்:
வணக்கம். பழனி அடிவாரத்தில் அப்பா நடத்திவந்த லாட்ஜை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கீழ்த்தளமும் இரண்டு மாடியும், மொத்தம் 32 அறை. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரிசப்ஷனில் நெட் கம்பெனி கொடுத்த ரௌட்டர், முதல் மாடிக்குக் கேபிள் இழுத்து இன்னொன்று, இரண்டாம் மாடியில் ஒரு பூஸ்டர். மூன்றுக்கும் மூன்று பெயர், ஒரே பாஸ்வேர்ட்.

புதன், வியாழனில் ஒரு புகாரும் வராது. கிருத்திகை, சனி, ஞாயிறு என்று அறை நிறைந்தால் மதியத்துக்கு மேல் ஆரம்பித்துவிடும். ஒரே அறையில் அப்பா போனில் யூடியூப் ஓடும், மகள் போன் இணையவே இணையாது. கோடு எல்லாம் முழுசாகத்தான் காட்டுகிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் சரி, அப்புறம் பழையபடி. நெட் கம்பெனி ஆட்கள் இரண்டு தடவை வந்து, கேபிளில் பார்த்து, "190 வருதே சார்" என்று போய்விட்டார்கள். எலெக்ட்ரீஷியன் இன்னும் இரண்டு பூஸ்டர் போடச் சொல்கிறார்.

போன வாரம் ஒருவர் "முருகன் தரிசனம் கிடைத்தது, வைஃபை தரிசனம் கிடைக்கவில்லை" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார். பூஸ்டர் வாங்கலாமா?

மலைக்காற்று:
சேனலை, அதாவது வைஃபை ஓடுகிற அலைவரிசைத் தடத்தை, பார்த்தீர்களா? சுற்றிலும் லாட்ஜ், எல்லாரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பார்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மட்டும்தான். மூன்று கருவிக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் கொடைக்கானல் காட்டேஜில் அதிலேயே பாதி சரியானது.

கேபிள்பையன்:
சேனல் நெரிசல் என்றால் அந்த அறையில் எல்லாருக்குமே மெதுவாகும். அப்பாவுக்கு ஓடி மகளுக்கு ஓடாமல் இருக்காது. அடிவாரத்தான் அண்ணே, பணம் செலவு பண்ணுவதற்கு முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். இணையாத போன் திரையில் என்ன வாசகம் வருகிறது? அந்த நேரம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் நெட் ஓடுகிறதா? இந்தப் பிரச்சினை காலையில் அறை எடுத்தவர்களுக்கு வருகிறதா, மதியம் எடுத்தவர்களுக்கு வருகிறதா?

அடிவாரத்தான்:
போனில் "ஐபி முகவரி பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே இருந்து, அப்புறம் விட்டுவிடுகிறது. ஒரு லேப்டாப்பில் ஐபி 169.254 என்று ஆரம்பித்தது, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ரிசப்ஷன் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நின்றதில்லை. நீங்கள் கேட்டபிறகுதான் உறைக்கிறது, புகார் சொல்கிறவர்கள் எல்லாம் மதியம் அறை எடுத்தவர்கள்.

கேபிள்பையன்:
அப்படியானால் பூஸ்டரை மறந்துவிடுங்கள். 169.254 என்பது ரௌட்டரிடம் முகவரி கிடைக்காத கருவி தானாக வைத்துக்கொள்கிற எண். உங்கள் ரௌட்டரிடம் அறைச் சாவி தீர்ந்துபோகிறது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். போன் வைஃபைக்குள் வந்ததும் ரௌட்டரிடம் ஒரு ஐபி முகவரி கேட்கும். அதைக் கொடுக்கிற வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் 192.168.1.100 முதல் 199 வரை என்று நூறு முகவரிதான் வைத்திருப்பார்கள். கொடுத்த முகவரி 24 மணி நேரம் அந்தப் போனுக்கே. காலையில் கிளம்புகிற குடும்பம் உங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும், ரௌட்டரிடம் கொடுக்காது. அவர்கள் ஒட்டன்சத்திரம் தாண்டிய பிறகும் அந்த முகவரி அவர்கள் பெயரில்தான் பூட்டிக் கிடக்கும்.

32 அறை, அறைக்கு நாலு போன் என்றாலே 128. முந்தின நாள் ஆட்கள் வேறு. நூறு எந்த மூலைக்கு? இன்னொன்று, ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களும் ஐஓஎஸ் 14-க்குப் பிறகு ஐபோன்களும் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தன் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும். உங்களிடம் மூன்று பெயர். மாடி ஏறி இறங்கி மூன்றிலும் சேர்ந்தால், ஒரே போன் மூன்று பேர் மாதிரி மூன்று முகவரி எடுத்துக்கொள்ளும்.

அணைத்துப் போட்டால் சரியாவது ஏன் என்று கேட்டால், பல ரௌட்டர்களுக்கு அப்போது கணக்குப் புத்தகமே அழிந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கும். அதிலும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிற முகவரியை இன்னொருவருக்கும் கொடுத்து, இரண்டு பேருக்கும் தகராறு வரலாம்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த தடவை பிரச்சினை வரும்போது உங்கள் போனில் வைஃபை அமைப்புக்குள் போய், டிஎச்சிபி என்று இருப்பதை ஸ்டாட்டிக் ஆக்கி, ஐபி 192.168.1.240 (அந்த நூறுக்கு வெளியே இருக்கிற எண்), கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ் 8.8.8.8 என்று கையால் அடியுங்கள். உடனே நெட் வந்தால் வியாதி இதுதான்.

அடிவாரத்தான்:
இன்று சனி. 3 மணிக்குப் புகார் வந்தது, 3.05-க்கு நீங்கள் சொன்னபடி அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது! ரௌட்டர் பட்டியலில் சரியாக 100 பேர். அதில் எதிர் டீக்கடைப் பையன்கள் போன் நாலு. மூன்று வருடமாகப் பாஸ்வேர்ட் மாற்றவில்லை, தப்பு என்னுடையதுதான். இப்போது என்ன மாற்ற வேண்டும்?

கேபிள்பையன்:
ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி பகுதிக்குப் போய் ஆரம்பம் 192.168.1.20, முடிவு 192.168.1.250 என்று வையுங்கள். 231 முகவரி கிடைக்கும். லீஸ் டைமை, அதாவது ஒரு முகவரி ஒரு போனுக்கு ஒதுக்கப்படுகிற நேரத்தை, 24 மணியிலிருந்து 2 மணி நேரம் ஆக்குங்கள். சில ரௌட்டரில் நிமிடமாக 120 என்றும், சிலதில் நொடியாக 7200 என்றும் கேட்கும். போன் அறையில் இருக்கும்வரை பாதி நேரம் ஆனதுமே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், விருந்தினருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியாக, மூன்று இடத்துக்கும் ஒரே வைஃபை பெயர், புதுப் பாஸ்வேர்ட்.

நைட்ஷிப்ட்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிசிடிவி பெட்டியும் பில்லிங் கம்ப்யூட்டரும் அதே நெட்டில் இருந்தால், அறையில் இருக்கிற யாரும் எட்டிப் பார்க்கலாம். நான் வேலை பார்த்த ஒரு ஓட்டலில் கேமரா பெட்டிக்கு வாங்கிய அன்று இருந்த பாஸ்வேர்டே இருந்தது. முதலில் அதை மாற்றுங்கள்.

அடிவாரத்தான்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கிருத்திகையன்று அறை முழுசாக நிறைந்தும் ஒரு புகார் இல்லை. ஆனால் இரண்டாம் மாடியில் பூஸ்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று, அதை எடுத்துவிட்டுக் கேபிள் இழுத்துப் புது ரௌட்டர் மாட்டினேன். நேற்றிலிருந்து வேறு கூத்து. பத்து அறைகூட நிறையவில்லை, எல்லா மாடியிலும் சிலருக்கு "இணைந்தது, இன்டர்நெட் இல்லை" என்று வருகிறது.

கேபிள்பையன்:
அந்தப் போன்களில் ஐபி 192.168.0 என்று இருக்கிறதா பாருங்கள். கேபிளைப் புது ரௌட்டரின் லேன் துளையில்தானே (கம்ப்யூட்டர் மாதிரி உள்ளே இருக்கிற கருவிகளை இணைக்கிற துளை) செருகினீர்கள்?

அடிவாரத்தான்:
ஆமாம், இரண்டுமே ஆமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கேபிள்பையன்:
பத்துப் பேரில் ஏழு பேர் செய்வதுதான் அண்ணே. கேபிள் அந்தத் துளையில் இருப்பது சரி. ஆனால் புது ரௌட்டரும் தன் பங்குக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரே லாட்ஜில் இரண்டு ரிசப்ஷன். யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் சாவி வாங்கிக்கொண்டு போகிறது போன். புதியவரிடம் வாங்கியவருக்கு வெளியே போக வாசல் இல்லை.

புது ரௌட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை அதில் மட்டும் இணைத்து, முதலில் அதன் சொந்த ஐபியை 192.168.1.3 ஆக்குங்கள். அதற்கப்புறம் டிஎச்சிபியை நிறுத்துங்கள். வரிசையை மாற்றினால் மறுபடி அதற்குள் நுழைய முடியாமல் திண்டாடுவீர்கள். முடிந்ததும் கேபிளை அதே லேன் துளையில் செருகலாம்.

மலைக்காற்று:
சேனல்தான் காரணம் என்று நான் தவறாகக் கணித்துவிட்டேன், சரி. ஆனாலும் ஒன்று சொல்வேன். முகவரி 231 இருந்தாலும் வீட்டு ரௌட்டர் ஒன்று நூறு போனை ஒரே நேரத்தில் தாங்காது. தைப்பூசத்துக்கு முன்னால் மாடிக்கு இரண்டாகக் கூரையில் மாட்டுகிற ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் கொடுக்கிற கருவி) போட்டுவிடுங்கள். மின்சாரமும் கேபிள் வழியாகவே போகும், ஒவ்வொன்றுக்கும் பிளக் தேட வேண்டாம்.

அடிவாரத்தான்:
வரிசை மாறாமல் செய்தேன், சரியாகிவிட்டது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அப்பாவிடம் இன்றுதான் பேச்சு எடுத்தேன். "ரூமில் டிவி இருக்கிறதே" என்கிறார். டீக்கடைப் பையன்கள் புதுப் பாஸ்வேர்ட் கேட்டு இரண்டு நாளாக டீக்குக் காசு வாங்க மறுக்கிறார்கள்.