கலைச்சொல் உதவி: வண்டிக் கூரையில் மாட்டும் வளையும் ஆன்டெனா, அதை டியூன் செய்யும் வேலை

கப்பலூர், பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும்.

ஜீப், வேன் கூரையில் வாக்கி செட்டுக்கு ஆன்டெனா மாட்டிச் சரிபார்ப்பது எப்படி என்று எங்கள் பயிற்சிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சிறு கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் புத்தகம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்கரைக் கூட்டத்தில் கைப்பேசி திணறும். உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலி நண்பர்கள் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்வதுதான் அப்போது கைகொடுக்கும்.

வேலை இதுதான். அமெச்சூர் பட்டை, அதாவது அவர்கள் பேச ஒதுக்கிய அதிர்வெண் வரம்பு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவில் 145 என்று வைத்தால் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு எடுத்து, கொஞ்சம் கழித்தால் கம்பி ஏறத்தாழ 49 செ.மீ. வரும். மெல்லிய எஃகுக் கம்பி, அடியில் ஸ்பிரிங். கிளையில் அடிபட்டால் வளையும், மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் கோத்து, குறைந்த பவரில் 144, 145, 146 மூன்றிலும் அளப்பார்கள். பிறகு கம்பியை அரத்தால் கீறி, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து எடுப்பார்கள். அவசரப்பட்டு 1 செ.மீ. எடுத்தால் 3 மெகாஹெர்ட்ஸ் அளவு மேலே ஓடிவிடும். பட்டையின் அகலமே 2 தான். வெட்டிய கம்பியை ஒட்டவைக்க முடியாது. சொல் குழப்பினால் கம்பி போச்சு.

எனக்கு வேண்டியவை இரண்டு. அந்த வளையும் ஆன்டெனாவுக்கு ஒரு பெயர். டியூன் செய்வதற்கு ஒரு வினைச்சொல். பட்டறையில் ஏரியல், விப், டியூன் என்றுதான் சொல்கிறார்கள்.

திருப்பரங்குன்றம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள அம்மா, நல்ல வேலை செய்கிறீர்கள். மதுரையில் எழுதும் கையேட்டுக்கு மதுரையைப் பாடிய பாட்டிலேயே சொல் இருக்கிறது. அகநானூறு 149 நம் ஊரைக் ‘கொடிநுடங்கு மறுகின் கூடல்’ என்கிறது. நுடங்குதல் என்றால் காற்றில் வளைந்தசைவது. ஒரு முனை ஊன்றி நிற்க, மறுமுனை ஆடும். ஆடி முடித்துத் தன் நிலைக்கு வரும். உங்கள் கம்பி செய்வதும் அதைத்தானே? நுடங்குகம்பி என்று போடுங்கள்.

ஆன்டெனாவுக்கு அலைக்கம்பம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். கம்பம் என்றால் தூண். பூகம்பம் என்னும்போது அதே ஒலி நடுக்கத்தைக் குறிக்கிறது. இசையில் சுரத்தை அசைத்துப் பிடிப்பதைக் கம்பிதம் என்கிறார்கள். தூணும் நடுக்கமும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை என்பார்கள், தெரியும். ஆனால் இரண்டும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கும்போது, நின்றுகொண்டே அதிரும் ஒரு கருவிக்கு இதைவிடப் பொருந்திய சொல் எங்கே கிடைக்கும்? ஆன்டெனா என்ற சொல்லும் இலத்தீனில் பாய்மரத்தில் பாய் கட்டும் குறுக்குக்கழிதான். அவர்கள் கழியிலிருந்து எடுத்தார்கள், நாம் கம்பத்திலிருந்து எடுப்போம்.

எல்லீஸ் நகர், ஓய்வுபெற்ற வயர்லெஸ் பொறியாளர்:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பாட்டு அருமை. ஆனால் கப்பலூர்ப் பட்டறையில் ‘நுடங்குகம்பியைக் கழற்று’ என்றால் எந்தப் பையன் எழுந்திருப்பான்? கம்பம் என்றாலும் அவன் மின்கம்பத்தைத்தான் நினைப்பான். அரை மீட்டர் கம்பியைக் கம்பம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அலைவாங்கி என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் வேண்டாம். வானொலிப் பெட்டிக்கு அது சரி, அங்கே வாங்குவது மட்டும்தான் வேலை. இருவழி வானொலியில் அதே கம்பி அனுப்பவும் செய்யும். சரிபார்ப்பு முழுக்க அனுப்பும்போதுதான் நடக்கிறது.

இன்னொன்று முக்கியம். டியூன் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. கம்பியின் நீளத்தை மாற்றி அது இயல்பாக அதிரும் அதிர்வெண்ணை நம் பட்டைக்குக் கொண்டுவருவது ஒன்று. பள்ளிப் பாடநூல் இதை ஒத்ததிர்வு என்கிறது. கம்பியின் ஓம் கணக்கை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடுப்பை, கேபிளின் ஓம் கணக்கோடு பொருத்துவது இன்னொன்று. கேபிள் 50 ஓம். நல்ல கூரைத் தகட்டின் நடுவில் நிற்கும் கால் அலைக் கம்பி 36 ஓம் பக்கம். மீட்டரில் 1 என்றால் பவர் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். நீளம் மிகச் சரியாக இருந்தாலும் அது 1.4 காட்டலாம். இது தெரியாத பையன் 1 வரவேண்டும் என்று வெட்டிக்கொண்டே போவான். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அந்தத் தப்பை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

மேலூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொன்ன பிரிப்பு அவசியம். இசைத்தல், பொருத்துதல் என்று இரண்டாக வைக்கலாம்.

பெயருக்கு என் முன்மொழிவு வளைகம்பி. வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. சுடுசோறு, ஊறுகாய் மாதிரி. வளைக்கம்பி என்று எழுதினால் வளையல் செய்கிற கம்பி ஆகிவிடும். அச்சுக்குப் போகும்போது கவனம் தேவை. வளைந்த, வளைகிற, வளையும் என்று மூன்று காலமும் இதில் அடங்கும். படித்தவுடன் புரியும்.

முதலில் மீள்கம்பி என்று நினைத்தேன். வளைந்து மீள்கிறது, பாடநூலிலும் மீட்சிப் பண்பு என்று இருக்கிறது. ஆனால் ஆன்டெனாவிலிருந்து செட்டுக்குத் திரும்பி வரும் பவரையும் மீள்திறன் என்றுதான் எழுதத் தோன்றும். ஒரே பக்கத்தில் ‘மீள்கம்பியின் மீள்திறன்’ என்று வந்தால் படிக்கிறவன் என்ன செய்வான்? அதனால் விட்டுவிட்டேன்.

யாழ்ப்பாணம்:

வணக்கம். நாங்கள் அன்ரெனா என்று எழுதுவோம், நீங்கள் ஆன்டெனா என்கிறீர்கள். பிறமொழிச் சொல்லை அப்படியே எடுத்தால் எழுத்துக்கூட்டலில் தமிழுக்குள்ளேயே இரண்டு பாதை பிரிகிறது. தமிழ்ச்சொல் வேண்டும் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும். வளைகம்பி எங்களுக்கும் விளங்கும்.

கப்பலூர்:

நன்றி, எல்லோருக்கும். இன்று வகுப்பில் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தேன். கம்பியை முனையில் பிடித்து வளைத்து விட்டேன், விர்ரென்று ஆடி நின்றது. பேரையூர்ப் பக்கத்துப் பையன் சட்டென்று ‘புளிய விளாறு கணக்கா இருக்கு டீச்சர்’ என்றான். ஆடு மேய்க்கிறவர்கள் ஒடித்து வைத்துக்கொள்கிற அந்த மெல்லிய குச்சி. எல்லோரும் தலையாட்டினார்கள். அலைவிளாறு என்று வைத்தால் என்ன?

டியூனுக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு பையனின் வீட்டில் நாதஸ்வரம் வாசிப்பார்கள். மீட்டரில் 144இல் குறைவாகவும் 146இல் கூடுதலாகவும் வந்தது. அதாவது கம்பி நீளம் அதிகம், அதிரும் இடம் பட்டையின் நடுவுக்குக் கீழே இருக்கிறது. அவன் சொன்னது: ‘பாரி மாதிரி சுதி இறங்கிக் கெடக்கு. ஒரு நூல் எடுத்தா ஏறிரும்.’ பாரி நாயனம் நீளம், சுதி கீழே. திமிரி குட்டை, சுதி மேலே. வெட்டினால் ஏறும், நீட்டினால் இறங்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைக்கத்தான் இத்தனை நாளும் பாடுபட்டேன், இவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். ஒரு நூல் என்பது கால் அங்குலத்தில் பாதி, 3 மி.மீ. சொச்சம். அவ்வளவு எடுத்தால் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் ஏறும். கணக்கும் சரியாக வருகிறது. நான் சுதி கூட்டுதல் என்றே எழுத நினைக்கிறேன்.

திருப்பரங்குன்றம்:

அம்மா, விளாறு நல்ல சொல். வளார் என்றும் வழங்கும். வள் என்ற வேரில் வளைவும் வளமும் பிறப்பதைப் பார்க்கிறேன். இளங்கொம்புதான் வளையும், முற்றியது ஒடியும். வளர்கிற கொம்பு வளார் ஆனதில் வியப்பில்லை. வள்ளிக்கொடி, வள்ளம், வளையம் எல்லாம் இந்தக் குடும்பம்தான் என்பது என் துணிபு. நுடங்குகம்பி வேண்டாமென்றால் அலைவிளாறுக்கு என் வாக்கு.

ஆனால் சுதிக்கு உடன்பட மாட்டேன். அது சுருதியின் திரிபு, வடசொல். யாழின் நரம்பைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பதற்கு நமக்குத் தனிச்சொல்லே இருக்கிறது: பண்ணல். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் வாசிக்கும் எட்டுச் செயல்களில் முதலாவது அதுதான். அதை அடுத்துப் பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று போகும். ஆராய்தலை உங்கள் மீட்டர் பார்க்கும் வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். பண்ணல், ஆராய்தல் இரண்டும் அருகருகே கிடக்கின்றன, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மேலூர்:

ஐயா, பண்ணல் அழகான சொல். ஆனால் இன்றைக்குப் பண்ணு என்றால் செய் என்றுதான் பொருள். ‘ஆன்டெனாவைப் பண்ணு’ என்று கையேட்டில் எழுதினால் பையன் புதிதாக ஒன்று செய்யக் கிளம்பிவிடுவான். ஆராய்தலும் இப்போது ஆராய்ச்சி ஆகிவிட்டது. பழைய பொருளை மீட்க வேண்டும்தான், அதற்கு 49 செ.மீ. கம்பியைப் பணயம் வைக்கக் கூடாது.

சுதி விஷயத்தில் உங்கள் தொல்காப்பியமே என் பக்கம். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் அது செய்யுளுக்கே ஆகும் சொல் என்று எச்சவியல் சொல்கிறது. சுதியில் எந்த வடவெழுத்து இருக்கிறது?

விளாறு பற்றி என் தயக்கம் வேறு. மதுரை, விருதுநகர், தேனிப் பக்கம் புரியும். சென்னையில் படிக்கிறவருக்கு அடிக்குறிப்பு போட வேண்டிவரும்.

எல்லீஸ் நகர்:

மீட்டர் அளவுக்குப் பெயர் வைக்காமலே போய்விட்டோம். எஸ்.டபிள்யூ.ஆர். என்பதற்கு நிலை அலை விகிதம் என்று போடுங்கள். நிலை அலை பாடநூலில் இருக்கிறது. நண்பர் ஒருவர் தனிமடலில் விகிதம் வடசொல், தகவு என்று போடுங்கள் என்றார். நிலையலைத் தகவு, மோசமில்லை. ஆனால் பையன் மனத்தில் நிற்க வேண்டியது இந்த அட்டவணைதான்: 1.5 காட்டினால் போகும் பவரில் 4 சதவீதம் திரும்புகிறது, 2 காட்டினால் 11, 3 காட்டினால் 25. நான் 1.5க்குள் வந்தால் அரத்தைக் கீழே வைத்துவிடு என்பேன். ‘திரும்பும் பவர்’ என்று பச்சையாக எழுதினால் போதும், கலைச்சொல்லே வேண்டாம்.

அளக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள், தாயே. திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி, கதவு, பின்கதவு எல்லாம் சாத்திவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் யாரும் நிற்காமல் அளக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து அளந்த அளவு கதவைச் சாத்தினால் மாறிவிடும். அலைவரிசையில் வேறு யாரும் பேசவில்லை என்று முதலில் கேட்டுவிட்டு, தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். வளையும் கம்பி என்பதால் ஓட்டத்தில் பின்பக்கம் சாயும். நின்றபோது 1.3 காட்டியது ஓடும்போது கொஞ்சம் கூடக் குறையத்தான் இருக்கும். எதிர்முனையில் குரல் அலைவது போலக் கேட்டால் உடனே கம்பியை வெட்டப் போகக் கூடாது. ஒத்தக்கடை தாண்டி யானைமலை மறைவில் வண்டி போனாலும் சிக்னல் விழும். அது மலையின் வேலை, கம்பியின் குறை இல்லை.

கையேட்டின் வரைவு பார்த்தேன். அதில் ‘தரைத்தளத்தின் நடுவில் ஆன்டெனாவை மாட்டவும்’ என்று இருக்கிறது. கூரைத் தகடு அலைக்கு எதிர்த்தளமாக நிற்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள். தரைத்தளம் என்றால் அடுக்குமாடியின் கீழ்த்தளம். தயவுசெய்து மாற்றுங்கள்.

கப்பலூர்:

தரைத்தளத்தை எடுத்துவிட்டேன், கூரைத் தகடு என்றே எழுதிவிட்டேன். நன்றி அண்ணன்.

நாளை அச்சகம். இதுவரை வந்த மடல்களைப் பார்த்தால் வளைகம்பிக்குத்தான் ஆதரவு அதிகம். முதல் இடத்தில் மட்டும் ‘வளைகம்பி ஆன்டெனா’ என்று எழுதி, பிறகு வளைகம்பி என்று விட்டுவிடுகிறேன். நீளம் வெட்டுவதற்குச் சுதி கூட்டுதல், ஓம் கணக்குக்குப் பொருத்துதல், மீட்டருக்கு நிலை அலை விகிதம். விளாறு என்ற சொல்லைப் படத்தின் கீழே ஒரு வரியில் சேர்த்திருக்கிறேன். பையன் சொன்னதை விட மனமில்லை.

யாழ்ப்பாணம்:

சுதி கூட்டுதல் நல்லது. எங்கள் பக்கம் தவில், நாதஸ்வரக்காரருக்கும் உடனே விளங்கும்.

திருப்பரங்குன்றம்:

அம்மா, அச்சுக்குப் போகட்டும், தடுக்க மாட்டேன். ஆனால் என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். வளைகம்பி வளைவதைச் சொல்கிறது, நிமிர்வதைச் சொல்லவில்லை. வளைந்தபடியே கிடக்கும் கம்பியையும் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பட்டறையில் குப்பையில் போடுவீர்கள். வளைந்தும் தன் நிலைக்கு வருவதுதான் இந்தக் கருவியின் குணம், அது நுடங்கு என்பதில் இருக்கிறது, விளாற்றிலும் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன். இடைப்பட்ட நாளில் கூரைத் தகட்டுக்கும் ஒரு நல்ல சொல் தேடி வைக்கிறேன். கூரை இல்லாத திறந்த ஜீப்பில் அதை எங்கே மாட்டுவார்கள், அப்போது அந்தத் தகட்டை என்னவென்று அழைப்பார்கள் என்று பொறியாளர் தம்பி சொன்னால் உதவியாக இருக்கும்.