ஸ்க்ராட்ச் 3.0: பிள்ளைகள் பாதியில் வைத்திருக்கும் புராஜெக்ட்டுகள் என்ன ஆகும்?

கேள்வி (டிசம்பர் 2018)

அனைவருக்கும் வணக்கம். பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதி நாட்களில், பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி விளையாட்டுகள் போன்றவற்றைச் செய்யும் ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வரும் ஜனவரி 2ஆம் தேதி அதன் இணையதளம் இப்போதைய 2.0 பதிப்பிலிருந்து 3.0 பதிப்புக்கு மாறவிருக்கிறது என்ற அறிவிப்பைப் படித்த பிறகு, ஆகஸ்ட் மாதம் முதல் கிடைக்கும் சோதனைப் பதிப்பைத் திறந்து பார்த்தேன். பார்த்ததில் கவலை கூடியதே தவிரக் குறையவில்லை.

என் மாணவர்கள் இப்போது தங்கள் இறுதி புராஜெக்ட்டின் நடுவில் இருக்கிறார்கள். ஒரு மாணவி சுவர்கள் நிறைந்த புதிர்ப்பாதை விளையாட்டு ஒன்றைச் செய்கிறாள். ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்) கறுப்புக் கோட்டைத் தொட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்பதற்காக ஒரு நிறத்தைத் தொடுகிறதா என்று சோதிக்கும் ‘டச்சிங் கலர்’ பிளாக்கை வைத்து, விளிம்பில் சிக்கிக்கொள்ளாமல் நகர்வதற்கு எண்களைப் பொறுமையாக மாற்றி மாற்றிச் சரிசெய்திருக்கிறாள். இன்னொரு மாணவன் கோடு வரையும் பென் பிளாக்குகளைக் கொண்டு வண்ணச் சுருள்கள் வரைகிறான். சோதனைப் பதிப்பிலோ ‘பென்’ என்ற பிரிவையே காணோம். புராஜெக்ட் ஓடும் பகுதியான ஸ்டேஜ் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. மேலே இருந்த நகலெடுக்கும், அழிக்கும், பெரிதாக்கும் கருவிகள் எவையும் இல்லை. நான் தயாரித்து வைத்திருக்கும் பயிற்சித் தாள்கள் அனைத்திலும் 2.0 திரையின் படங்களே இருக்கின்றன.

இது தவிர, எங்கள் வகுப்பில் உள்ள கணினிகள் பழையவை. புதிய பதிப்பு அவற்றில் ஓடுமா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஏன் அடியோடு மாற்ற வேண்டும்? பழைய புராஜெக்ட்டுகள் அப்படியே இயங்குமா? இந்தப் பாடத்திட்டம் முடியும் வரை 2.0 பதிப்பிலேயே இருந்துவிட முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம் ஐயா. ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை அனைத்தும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 2.0 முழுக்க முழுக்க, உலாவியில் இயங்கும் ஃப்ளாஷ் என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. 2020 முடிவோடு ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்திவிடுவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. எனவே 2.0 பதிப்பை உலாவியில் காலத்துக்கும் வைத்திருக்க யார் விரும்பினாலும் முடியாது. இப்போது வருவது ஜாவாஸ்க்ரிப்ட் என்ற நிரல்மொழியில் முதலிலிருந்து எழுதப்பட்ட மென்பொருள். பிளாக்குகளை அடுக்கும் பகுதி கூகுளின் பிளாக்லி என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. டேப்லெட்டில் விரலால் இழுத்து அடுக்க முடிவதும், பிளாக்குகள் முன்பைவிடப் பெரிதாகத் தெரிவதும் இந்த மாற்றத்தால் வந்தவையே. கைபேசியில் புராஜெக்ட்டை ஓட்டிப் பார்க்க மட்டுமே முடியும், உருவாக்க முடியாது.

பழைய புராஜெக்ட்டுகள் திறக்கும். 2.0 பதிப்பின் ‘எஸ்பி2’ கோப்பை மட்டுமல்ல, 1.4 பதிப்பின் கோப்பையும் 3.0 திறந்துவிடும். தங்கள் மாணவனின் பென் பிளாக்குகளும் காணாமல் போகவில்லை. திரையின் இடது கீழ்மூலையில் உள்ள பொத்தானை அழுத்தினால் வரும் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் பிளாக் தொகுப்பு) பட்டியலில் இருக்கின்றன. இசைக்கருவி, தாளம் ஆகியவற்றுக்கான பிளாக்குகளும், வீடியோ வழியாக அசைவைக் கண்டறியும் பிளாக்குகளும் அங்கேயே போயிருக்கின்றன. பழைய புராஜெக்ட் ஒன்றில் பென் பயன்படுத்தப்பட்டிருந்தால், அதைத் திறக்கும்போதே அந்த எக்ஸ்டென்ஷன் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கணினிகளைப் பற்றிய கவலைதான் நியாயமானது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 3.0 இயங்காது. குரோம் 63, ஃபயர்பாக்ஸ் 57, எட்ஜ் 15, சஃபாரி 11 ஆகியவையோ அவற்றுக்குப் பிந்தையவையோ தேவை. ஸ்டேஜில் படங்களை வரைவதற்கு வெப்ஜிஎல் என்ற உலாவி வரைகலைத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுவதால், உலாவி புதியதாக இருந்தும் கிராஃபிக்ஸ் பகுதி மிகப் பழையதாக இருந்தால் தடங்கல் வரலாம். இதைப் பேசித் தீர்க்க முடியாது. விடுமுறை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் சோதனைப் பதிப்பை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பதில் 2

நான் ஆசிரியர் என்ற முறையில், மேலே சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதில் விடுபட்ட ஒரு ஆபத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 3.0 பழைய கோப்புகளைத் திறக்கும், ஆனால் 3.0 பதிப்பில் சேமித்த ‘எஸ்பி3’ கோப்பை 2.0 திறக்காது. இது ஒருவழிப் பாதை. ஒரு பிள்ளை வகுப்பில், கணினியில் நிறுவி இணையம் இல்லாமல் இயக்கும் 2.0 ஆஃப்லைன் எடிட்டரில் செய்த வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே இணையதளத்தில் ஏற்றி, இரண்டு பிளாக்குகளை மட்டும் மாற்றிச் சேமித்தால் போதும், அடுத்த வகுப்பில் அந்தக் கோப்பு திறக்காது. பிள்ளை தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். எனக்கு மென்பொருள் மாறுவதைவிட இதுதான் பெரிய கவலை: தன் கையால் செய்த ஒன்று, காரணம் தெரியாமல் திறக்க மறுப்பது ஒரு பத்து வயதுப் பிள்ளையின் ஆர்வத்தை எவ்வளவு தூரம் குலைக்கும் என்பதை வகுப்பறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே தாங்கள் 2.0 பதிப்பிலேயே தொடர முடிவு செய்தால் அதை முழுமையாகச் செய்யுங்கள். 2.0 ஆஃப்லைன் எடிட்டர் அடோபி ஏர் என்ற மென்பொருளின் துணையோடு தனியாக இயங்குவது. இணையதளம் மாறினாலும் கணினியில் நிறுவியிருப்பது அப்படியே இருக்கும். பிள்ளைகள் இணையதளத்தில் சேமித்து வைத்திருப்பவற்றை ஜனவரி 2ஆம் தேதிக்கு முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் தளம் மாறிய பிறகு தரவிறக்கினால் பழைய புராஜெக்ட்டும் ‘எஸ்பி3’ கோப்பாகத்தான் வரும். வீட்டிலும் கணினி உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு எழுதி, இறுதி புராஜெக்ட் முடியும் வரை அதை இணையதளத்தில் திறந்து சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அரைகுறையாக, வகுப்பில் சிலர் பழையதிலும் சிலர் புதியதிலும் இருப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை.

பதில் 3

மேலே எழுதிய ஆசிரியரின் எச்சரிக்கை முற்றிலும் சரி. ஆனால் பழையதிலேயே தொடரலாம் என்ற முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் ஸ்க்ராட்ச்சில் செய்வதில் பாதி வேலை மற்றவர்களின் புராஜெக்ட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, தங்களுக்கேற்ப மாற்றி ரீமிக்ஸ் செய்வதுதான். ஜனவரிக்குப் பிறகு தளத்தில் அவர்கள் காணப்போகும் ஒவ்வொன்றும் 3.0 திரையில்தான் இருக்கும். அந்த உலகத்தோடு சேராமல் வகுப்பு மட்டும் தனித்து நிற்பது, சில வாரங்களுக்கு என்றாலும், அவர்களுக்கு நல்லதல்ல.

திரை மாறியதைக் கண்டு பெரியவர்கள் தடுமாறும் அளவுக்குப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. 1.4 பதிப்பில் ஸ்டேஜ் வலப்பக்கம்தான் இருந்தது, 2.0 அதை இடப்பக்கம் கொண்டுபோனது, இப்போது மறுபடியும் வலப்பக்கம் வந்திருக்கிறது. 2013இல் அந்த மாற்றத்தைக் குறைசொன்ன நாங்களே, அதனுடன் வந்த குளோன்களும் (ஓடும்போதே உருவாகும் ஸ்ப்ரைட் நகல்கள்), சொந்த பிளாக் உருவாக்கும் வசதியும் இல்லாத ஸ்க்ராட்ச்சை இன்று கற்பனை செய்வதில்லை. மேலிருந்த கருவிகள் போனதற்கும் மாற்று இருக்கிறது: ஸ்ப்ரைட்டின் அளவை ஸ்டேஜின் கீழுள்ள பெட்டியில் எண்ணாகவே எழுதலாம், தெரியாமல் அழித்த ஸ்ப்ரைட்டை எடிட் மெனுவிலிருந்து மீட்கலாம். அளவு என்பது ஒரு எண் என்று பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிவது, பலமுறை அழுத்திப் பெரிதாக்குவதைவிட நல்ல பாடம் என்பது என் கருத்து.

என் ஆலோசனை இதுதான்: மாறுவதற்கு ஒரு தேதியைக் குறித்து, முழு வகுப்பும் அன்றே மாறுங்கள், அதற்கு முந்தைய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் புராஜெக்ட்டைச் சோதனைப் பதிப்பில் தானே திறந்து, எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று எழுதட்டும். மென்பொருளைச் சோதிப்பது எப்படி என்பதை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்க வாய்ப்புக் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. ஒருவழிப் பாதை என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. கோப்புகளைத் தரவிறக்கும் வேலையை இன்றே தொடங்கிவிட்டேன். வகுப்புக் கணினிகளில் சோதனைப் பதிப்பைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் குரோமைப் புதுப்பித்ததும் ஓடியது. இரண்டில் மட்டும் ஸ்டேஜ் தெரியவில்லை.

மூன்றாவது பதிலில் சொன்ன முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளிடம் ‘எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது, எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும் அல்லவா? குறிப்பாக ‘டச்சிங் கலர்’ விளையாட்டிலும், பென் புராஜெக்ட்டிலும் எதை உற்றுப் பார்ப்பது?

பதில் 1 எழுதியவர்

ஸ்டேஜ் தெரியாத அந்த இரண்டு கணினிகளிலும் உலாவி அமைப்பில் ‘ஹார்டுவேர் ஆக்சலரேஷன்’ (படம் வரைய கிராஃபிக்ஸ் பகுதியைப் பயன்படுத்தும் வசதி) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கியும் சரியாகாவிட்டால், அவற்றில் அமரும் பிள்ளைகளை வேறு கணினிக்கு மாற்றுவதே வழி. ஸ்க்ராட்ச் டெஸ்க்டாப் என்ற புதிய ஆஃப்லைன் பதிப்பை நிறுவலாமே என்று தோன்றலாம். அதற்கு விண்டோஸ் 10 அல்லது மேக் ஓஎஸ் 10.13 தேவை என்பதால் பழைய கணினிக்கு அது உதவாது.

புதிர்ப்பாதை விளையாட்டில் விளிம்புகளைப் பாருங்கள். ஃப்ளாஷ் ஒரு கோட்டின் ஓரத்தை வரையும் விதமும் வெப்ஜிஎல் வரையும் விதமும் நூற்றுக்கு நூறு ஒன்றல்ல. கறுப்புச் சுவருக்கும் வெள்ளைத் தளத்துக்கும் இடையில் மெல்லிய சாம்பல் நிறப் புள்ளிகள் விழும் இடத்தில், முன்பு தொடவில்லை என்று வந்தது இப்போது தொட்டது என்று வரலாம், அல்லது மாறாகவும் நடக்கலாம். ஸ்ப்ரைட்டை ஒரு மூலையில் நிறுத்தி, ஒவ்வொரு அடியாக நகர்த்தி, இரண்டு பதிப்பிலும் அதே இடத்தில் திரும்புகிறதா என்று அந்த மாணவி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேறுபாடு இருந்தால் நிறத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு, சுவரைத் தனி ஸ்ப்ரைட்டாக ஆக்கி, அந்த ஸ்ப்ரைட்டைத் தொடுகிறதா என்று சோதிப்பது நிலையான தீர்வு. எழுத்துகள் உள்ள காஸ்ட்யூம்களையும் (ஸ்ப்ரைட்டின் தோற்றங்கள்) பாருங்கள். எழுத்துருக்கள் மாறியிருப்பதால் ஒரு வரி பெட்டியைத் தாண்டி வெளியே நிற்கக்கூடும்.

பென் விஷயத்தில் தங்கள் பயிற்சித் தாள்களைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கும். 2.0 பதிப்பில் பென் நிறத்தின் எண் 0 முதல் 200 வரை ஒரு சுற்று, 3.0 பதிப்பில் 0 முதல் 100 வரை. ‘ஷேடு’ என்ற பிளாக் பட்டியலிலேயே இல்லை. அதற்குப் பதிலாகச் செறிவு, பிரகாசம், ஒளி ஊடுருவும் தன்மை ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றலாம். பழைய புராஜெக்ட்டைத் திறந்தால் அதிலுள்ள பழைய பிளாக்குகள் பழைய கணக்கிலேயே ஓடும். ஆகவே அந்த மாணவனின் சுருள் நிறம் மாறாது. ஆனால் அவனே ஒரு புதிய புராஜெக்ட்டில் அதே எண்களைக் கொண்டு அதே சுருளை மறுபடியும் அடுக்கினால், வண்ணங்கள் இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும்.

பதில் 2 எழுதியவர்

அந்தக் கடைசி விஷயத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டு சுருள்களையும் அருகருகே ஓடவிட்டு, ஏன் ஒன்று வேகமாக நிறம் மாறுகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். முழு வகுப்பும் ஒரே நாளில் மாறுவதாக இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ‘எஸ்பி2’ கோப்புகளின் ஒரு நகலை மட்டும் பென்டிரைவில் தனியாக எடுத்து, யாரும் தொடாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன். விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் வகுப்பில் எல்லோரும் மாறுகிறோம். அதற்கு முந்தைய வகுப்பு முழுவதும் சோதனைக்கு. தாள்களில் பென் எண்களைப் பாதியாகத் திருத்தத் தொடங்கிவிட்டேன். தாள்களுக்கான திரையின் படங்களை மட்டும் ஜனவரி 2ஆம் தேதிக்குப் பிறகு, இறுதி வடிவத்தைப் பார்த்தே புதிதாக எடுக்கவிருக்கிறேன், ஏனெனில் சோதனைப் பதிப்பில் இன்னும் சிறு மாற்றங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.